பிழிந்தால் வராத நூல்

“‘பாடுபட்டு நூற்கிறவள் நான், பறித்துக்கொண்டு போகிறவள் நீயா?’ இப்படியே கேட்டுவிட்டாள் அந்தச் சிலந்தி! இரண்டே இரண்டு இழை எடுத்ததற்கு!” என்று பலாமரக் கிளையில் குதியாய்க் குதித்தது தையல்சிட்டு.

சிலந்தி கேட்டதில் தப்பே இல்லை. அதன் வலையைப் பிய்த்துப் பிய்த்துத்தான் சிட்டு இலைகளைத் தைத்து வந்தது. கூடு பாதியில் நின்றது. முட்டையோ இன்றைக்கா நாளைக்கா என்று வயிற்றில் முட்டியது.

“அவளிடம் என்ன கெஞ்சல்? அந்த நூலை நாமே செய்துவிடலாம்!” என்றது பக்கத்தில் இருந்த அணில்.

“செய்யத் தெரியுமா அண்ணாச்சி?”

“அவள் வயிற்றில் அப்படி என்னதான் இருக்கிறது? நாலு கொசு, கொஞ்சம் பிசின். அவ்வளவுதானே!”

பலாப்பிசினில் கொசுவைப் போட்டுப் பிசைந்தது அணில். மூங்கில் குழாயில் அடைத்தது. முறுக்குப் பிழிகிற மாதிரி மேலே ஏறி உட்கார்ந்து அழுத்தியது. ‘பொத்’தென்று ஓர் உருண்டை விழுந்தது.

“இதை வைத்துத் தைக்கவா? உன் வாயை அடைக்கவா?”

“பொறு! இன்னும் அழுத்தினால் நூலாகும்!”

அழுத்தியது. இன்னும் பெரிய உருண்டை!

சிட்டு வெறுத்துப்போய் எதிர்க்கிளையைப் பார்த்தது. இத்தனை நாளும் திருடத்தான் பார்த்தது. இன்றைக்குத்தான் ஒழுங்காகப் பார்த்தது. சிலந்தி எதையும் பிழியவில்லை. ஒரு சொட்டை இலையில் ஒட்டிவிட்டுக் கீழே தொங்கியது. இறங்க இறங்க நூல் நீண்டது.

அட, இது வெல்லப்பாகு மாதிரி! விரலில் தொட்டு இழுத்தால்தானே கம்பிப் பதம் வரும்? அழுத்தினால் வருமா?

சிட்டு அலகை உருண்டையில் தோய்த்து விருட்டென்று பறந்தது. பின்னாலேயே வந்தது பளபளவென்று ஓர் இழை! பொழுது சாய்வதற்குள் கூட்டைத் தைத்து முடித்து, உள்ளே முட்டையும் இட்டுவிட்டது.

சிலந்தி வந்து தடவிப் பார்த்தது. “என் நூல் மாதிரி வராது!”

“வராதுதான் அக்கா. ஆனால் உன் வீடு பிழைத்ததே!”

சிலந்தி சிரித்துவிட்டது.

எதில் செய்தது என்று தெரிந்தால் மட்டும் போதாது, எப்படிச் செய்கிறார்கள் என்று கண்ணைத் திறந்து பார்க்கவும் வேண்டும்.

அணிலா? வால் ஒட்டிக்கொண்டு, இன்னும் அந்தக் குழாய் மேலேயேதான் உட்கார்ந்திருக்கிறது.

“யாராவது ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் கொண்டுவாங்களேன்!”