ராஜாவின் ஒற்றைக் கன்னம்

வெள்ளோட்டுப் பாளையத்து ராஜா திருமேனிநாதருக்குக் கப்பல்காரர் ஒருவர் நுண்ணோக்கி ஒன்றைப் பரிசளித்துவிட்டுப் போனார். வினை அன்றைக்கே ஆரம்பித்தது.

கையில் அகப்பட்டதையெல்லாம் ராஜா அதன் அடியில் வைத்தார். தயிரைப் பார்த்தார், தயிரை விட்டார். மெத்தைப் பஞ்சைப் பார்த்தார், நாற்காலியில் தூங்கினார். ஒருநாள் சவரம் பாதியில் இருக்கும்போது, நாவிதன் சடையனின் கத்தியைப் பிடுங்கி அதன் விளிம்பையும் பார்த்தார்.

“அடேய், இது கத்தியா, ரம்பமா? பல் பல்லாக இருக்கிறதே!”

“சாமி, நீங்க பட்டத்துக்கு வந்த நாள்லேருந்து இதே கத்திதானுங்களே...”

“பேசாதே! இந்தக் கண்ணாடியில் பல் தெரியாத கத்தி வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் உனக்கு இங்கே வேலையும் இல்லை, ஊரில் வீடும் இல்லை.”

சடையன் தீட்டுகல்லோடு மல்லுக்கு நின்றான். பல் சிறுத்ததே தவிர, போகவில்லை. ராஜாவோ மழிக்காத கன்னத்தைச் சால்வையால் மூடிக்கொண்டு தர்பார் நடத்தினார். ராணி மழித்த பக்கமாகவே வந்து நின்று பேசினாள்.

வியாழக்கிழமை சடையன், அரசவை விகடகவி தாண்டவராயரிடம் ஓடினான். அவர் கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நாளைக்கு நானும் வருகிறேன். சொல்கிறபடி செய். வாயை மட்டும் திறக்காதே.”

மறுநாள் அவரே கத்தியை நுண்ணோக்கியில் பொருத்தினார். ராஜா குனிந்தார்.

“அடடா! ஒரு பல் இல்லை! பளிங்கு மாதிரி இருக்கிறதய்யா!”

“இதுவே போதுமா, மகாராஜா?”

“இதேதான்! வேறெதுவும் என் கன்னத்தில் படக்கூடாது.”

“கேட்டாயா, சடையா? மகாராஜா பார்த்த பக்கம் மட்டும்தான் படவேண்டும்.”

சடையன் அந்தப் பக்கத்தாலேயே வழித்தான். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே. தண்ணீர் வழிந்தது. முடி அசையவில்லை.

“என்னய்யா இது, ஒன்றுகூட இறங்கவில்லையே?”

“எப்படி இறங்கும்? அது கத்தியின் முதுகு, மகாராஜா. தீட்டும்போதெல்லாம் கல்லில் உரசி வழவழப்பானது. கண்ணாடிக்கு ரொம்பவும் பிடித்துப்போயிற்று.”

“ஓய்! என்னையே ஏமாற்றினீரா?”

“பல் தெரியக்கூடாது என்றீர்கள், தெரியவில்லை. முடி எடுக்கவேண்டும் என்று நீங்கள் சொல்லவே இல்லையே! இப்போதாவது சொல்லுங்கள். சவரம் யாருக்கு? கன்னத்துக்கா, கண்ணாடிக்கா?”

ராஜா சொரசொரத்த கன்னத்தைத் தடவிக்கொண்டார். அப்புறம் வந்தது பாருங்கள் சிரிப்பு! சடையன் பயந்துபோய்க் கத்தியைத் தூர நீட்டிக்கொண்டான்.

“திருப்பிப் பிடிடா கத்தியை!”

இனித் தேவைப்படாத சால்வை சடையன் தோளுக்குப் போனது. நுண்ணோக்கி, ‘இனி என் கண்ணில் படக்கூடாது’ என்ற உத்தரவோடு தாண்டவராயர் வீட்டுக்குப் போனது.

அன்று மத்தியானம் ராஜா தயிர்சாதத்தை மறுபடியும் மறுபடியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.