குரங்கு வார்த்த தண்ணீர்

ஒரு காட்டில் யானை ஒன்று அரசியாக இருந்தது. சிங்கம் எங்கே போயிற்று என்று கேட்காதீர்கள், குழந்தைகளே. அந்தக் காட்டில் சிங்கமே கிடையாது.

சின்னப் பிராணிகளுக்கு அரசி ஒரு வாக்குக் கொடுத்திருந்தது. "ஆற்று நீரை மூன்று முறை தலையில் வார்த்து, 'நீ அரசியின் பிள்ளை' என்று யாராவது சொன்னால் போதும். அந்த நொடியே அது என் பிள்ளை. என் பிள்ளையைத் தொட்டவனை நான் சும்மா விடமாட்டேன்!"

தொட்டுப் பார்த்த ஒரு புலி மிதிபட்டே செத்தது. அதன்பிறகு யாரும் தொடவில்லை.

ஒரு நாள் காலை ஒரு சருகுமானைச் செந்நாய்கள் துரத்தின. சருகுமான் முயல் அளவே இருக்கும். கொம்பும் கிடையாது, ஒன்றும் கிடையாது. பாவம், ஓடி ஓடி ஆற்றங்கரைக்கு வந்துவிட்டது. இனி ஓட வழியில்லை.

கரையில் இருந்தது ஒரே ஒரு குரங்கு. அந்தக் குரங்கைப் பற்றி என்ன சொல்ல! கரடியின் தேனடையைத் திருடும். பிடிபட்டால் அணில்மேல் பழியைப் போடும்.

"குரங்கண்ணா, என் தலையில் தண்ணீர் வாருங்கள்!" என்று கதறியது சருகுமான்.

"நானா? என் கையாலா?" என்று குரங்கு திருதிருவென்று விழித்தது. ஆனாலும் இரண்டு கையாலும் நீரை அள்ளி மூன்று முறை வார்த்தது. "நீ அரசியின் பிள்ளை" என்றது.

பக்கத்திலேயே அரசியின் பிள்ளைகள் மட்டும் நுழையும் தோப்பு இருந்தது. சருகுமான் ஒரே பாய்ச்சலில் அதற்குள் போய் விழுந்தது. செந்நாய்கள் தோப்பின் எல்லையிலேயே நின்றுவிட்டன.

அப்பாடா என்று மூச்சுவிட விட்டார்களா? அதற்குள் நரி வந்து சேர்ந்தது. அதுவும் அரசியின் பிள்ளைதான். ஆனால் தன்னைப்போல் சுத்தமானவர் யாருமில்லை என்று அதற்கு ஒரு நினைப்பு.

"உனக்கு யார் தண்ணீர் வார்த்தது?"

"குரங்கு வார்த்தது, மாமா."

"சீச்சீ! அந்தத் திருட்டுப் பயலா? திருடன் வார்த்த தண்ணீர் செல்லாது. நீ அரசியின் பிள்ளையும் இல்லை, ஒன்றும் இல்லை. வெளியே போ!"

செந்நாய்கள் வாலை ஆட்டின. "நரியார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். சீக்கிரம் அனுப்புங்கள், பசிக்கிறது!"

அரசியோ ஆற்றின் அக்கரையில் மேய்ந்துகொண்டிருந்தது. தோப்பிலிருந்த முள்ளம்பன்றியும் ஆமையும் பெண்மயிலும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தன. தனக்காகத் தானேதான் பேச வேண்டும் என்று சருகுமானுக்குப் புரிந்தது.

"போகிறேன், மாமா. அதற்கு முன்னால் ஒன்றே ஒன்று சொல்லுங்கள். உங்களுக்கு யார் தண்ணீர் வார்த்தது?"

நரி நெஞ்சை நிமிர்த்தியது. "எனக்கா? கீரியார் வார்த்தார்! எறும்பைக்கூட மிதிக்காதவர். எப்பேர்ப்பட்ட மகான்!"

"எந்தக் கீரி? என் முட்டைகளைத் தின்ற கீரியா?" என்று பெண்மயில் அலறியது. "வாயெல்லாம் மஞ்சள் கருவோடு நின்றானே! நான்தானே கொத்தித் துரத்தினேன்!"

நரியின் முகம் சுருங்கிப் போயிற்று. "அது... அது பிற்பாடு நடந்தது."

"உங்களுக்குத் தண்ணீர் வார்த்த அன்றைக்கு அவர் மனத்தில் என்ன இருந்தது? உங்களுக்குத் தெரியுமா, மாமா?" என்றது சருகுமான்.

நரிக்கு எப்படித் தெரியும்? யாருக்குத்தான் தெரியும்? முள்ளம்பன்றி தனக்கு வார்த்த கரடியை நினைத்துப் பார்த்தது. ஆமை தனக்கு வார்த்த நாரையை நினைத்துப் பார்த்தது. எல்லாரும் எல்லையைவிட்டு இன்னும் உள்ளே தள்ளி நின்றார்கள்.

எல்லையில் செந்நாய்கள் துள்ளிக் குதித்தன. "அப்படியானால் நரியும் வெளியே வரட்டும்! அதுதான் கொழுகொழுவென்று இருக்கிறது!"

"வரமாட்டேன்!" என்று நரி காடே அதிரக் கத்தியது. "கீரி எக்கேடு கெட்டால் எனக்கென்ன? தண்ணீர் ஆற்றுத் தண்ணீர்! வாக்கு அரசியின் வாக்கு! கீரியுடையது வெறும் கைதானே?"

"எனக்கும் அதே ஆறுதான், மாமா. அதே அரசிதான்" என்றது சருகுமான். அது நரியின் முன்னால் வந்து நின்றது. "குரங்குடையதும் வெறும் கைதான்."

ஆமைகூடச் சிரித்துவிட்டது.

அந்தக் கூச்சல் அக்கரைவரை கேட்டிருந்தது. அரசி ஆற்றைக் கலக்கிக்கொண்டு வந்தது. "யாரடா என் பிள்ளையை வெளியே கூப்பிட்டது?" என்று பிளிறியது பாருங்கள்! செந்நாய்கள் பின்னங்கால் பிடரியில் பட ஓடின.

"நான்தான் தண்ணீர் வார்த்தேன்!" என்று குரங்கு மரத்திலிருந்து குதித்தது.

"நல்ல காரியம் செய்தாய்" என்றது அரசி. "ஆனால் திருடிய தேனடைக்கு நீதான் பதில் சொல்ல வேண்டும். கரடி உன்னைத் தேடுகிறது, போ."

சருகுமானுக்குத் தாகமாக இருந்தது. அது தோப்பைவிட்டு வெளியே வந்தது. பட்டப்பகலில், தன்னந்தனியாக, செந்நாய்கள் நின்ற இடத்தின் வழியாகவே நடந்துபோய், ஆற்றில் வயிறு முட்டத் தண்ணீர் குடித்தது.

நீதி: அருளின் அடையாளமான நீரின் வலிமை வாக்குக் கொடுத்தவரிடம் இருக்கிறது; அதை வார்க்கும் கையிடம் இல்லை.