பச்சை மையில் ஒரு கையெழுத்து

தொடங்குமுன் சில பிழைகளைத் திருத்திவிட வேண்டியிருக்கிறது. குரு என்பவர் தாடி வைத்திருப்பார், மலையடிவாரத்தில் இருப்பார், சீடரைவிட வயதில் மூத்தவராக இருப்பார் என்று கற்றறிந்தவர்கள்கூட நம்புகிறார்கள். மூன்றுக்கும் ஆதாரம் இல்லை. இந்தக் கதையின் குரு மெஹருன்னிசாவுக்கு நாற்பத்து நான்கு வயது. அவர் இருப்பது பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் உள்ள மாநகராட்சி உயர்நிலைப் பள்ளியில். அங்கே அவர் தலைமையாசிரியை. தாடியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

சீடர் அறவாழிக்கு ஐம்பத்து மூன்று. நகரின் மறுகோடியில் உள்ள பள்ளிக்குத் தலைமையாசிரியராகி நான்கு மாதம் ஆகியிருந்தது.

ஆறு ஆண்டுகளுக்கு முன்பு மெஹருன்னிசாவின் பள்ளியில் தொண்ணூற்று நான்கு பிள்ளைகள். மூடிவிடலாம் என்று பேச்சு இருந்தது. இப்போது ஜூன் மாதத்தில் சேர்க்கை வரிசை பணிமனை வாசலைத் தொட்டு, பேருந்துகள் வெளியே வர முடியாமல் நிற்கின்றன. ஓட்டுநர்கள் திட்டுவதில்லை. அவர்களுடைய பிள்ளைகளும் வரிசையில் இருக்கிறார்கள்.

அறவாழி மெஹருன்னிசாவைத் தேடி வந்த காரணம் இது. அவருடைய பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு ஒரே கணக்கு ஆசிரியை, பொற்கொடி. மாறுதல் கேட்டு விண்ணப்பம் கொடுத்திருந்தார். அவர் போய்விட்டால் பொதுத் தேர்வு முடியும்வரை அந்த இடத்துக்கு ஆள் வராது. விண்ணப்பத்தை மேலே அனுப்பக் கடைசி நாள் அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை.

"என்ன நடந்துச்சு சார்?" என்று மெஹருன்னிசா கேட்டார்.

பெரிதாக ஒன்றும் இல்லை என்றார் அறவாழி. தலைமையாசிரியர் வகுப்புகளில் உட்கார்ந்து நிறைகுறை எழுத வேண்டும் என்பது விதி. அவரும் பொற்கொடியின் வகுப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பார்வைக் குறிப்பேட்டில் பதினேழு குறைகள் எழுதினார். எல்லோருக்கும் பயன்படட்டும் என்று ஆசிரியர் கூட்டத்தில் வாசித்தும் காட்டினார்.

"பதினேழையுமா?"

"பொதுவாத்தான் வாசிச்சேன். பேர் சொல்லலை."

"கணக்குக்கு ஒரே டீச்சர்னு சொன்னீங்களே."

அறவாழி தண்ணீர் குடித்தார். பிறகு, ஒரு பள்ளியை எப்படித் தூக்கி நிறுத்துவது என்று நேராகவே கேட்டார். கழிப்பறையா, கேமராவா, மாலை வகுப்பா, எதை முதலில் செய்தீர்கள்?

மெஹருன்னிசா கடிகாரத்தைப் பார்த்தார். எட்டாம் வகுப்பில் தனக்கு அறிவியல் பாடவேளை இருப்பதாகவும், வருவதானால் வரலாம் என்றும் சொன்னார்.

கடைசி பெஞ்சில் தமிழாசிரியர் இளம்பரிதி ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். மடியில் பார்வைக் குறிப்பேடு. அறவாழி பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்தார். மெஹருன்னிசா ஒரு வாளித் தண்ணீரில் எலுமிச்சம்பழத்தைப் போட்டு, அது ஏன் மிதக்கிறது என்று கேட்டார். பாடம் நன்றாகப் போவதாக அறவாழிக்குப் பட்டது. இளம்பரிதி நிறுத்தாமல் எழுதிக்கொண்டிருந்தார். தமிழாசிரியர்கள் சுருக்கமாக எழுதுவதில்லை.

மணி அடித்ததும் இளம்பரிதி குறிப்பேட்டை நீட்டினார்.

"கேள்வியும் நீங்க, பதிலும் நீங்க மேடம். ஒன்பது தடவை. ஜன்னலோரம் இருக்கிற பொண்ணு மூணு தடவை வாயைத் திறந்தா. மூணு தடவையும் நீங்க முந்திக்கிட்டீங்க."

"சுகந்தியா?"

"சுகந்திதான்."

மெஹருன்னிசா இரண்டு பக்கத்தையும் நின்றபடியே படித்தார். ஓர் இடத்தில் சிரித்தார். ஓர் இடத்தில் சிரிக்கவில்லை. பச்சை மைப் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். சுகந்தியைக் கூப்பிட்டு, நாளைக்கு அந்த எலுமிச்சம்பழத்தை அவள்தான் விளக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

வராந்தாவுக்கு வந்ததும் அறவாழி கை நீட்டினார். அந்தக் குறிப்பேட்டை வாங்கிப் புரட்டினார். ஒவ்வொரு பருவத்திலும் முதல் வகுப்பு தலைமையாசிரியையுடையது. எழுதியது வேறு வேறு ஆசிரியர்கள். அதற்குப் பிறகுதான் மற்றவர்களுடைய வகுப்புகள்.

"உங்க ஸ்டாஃப் உங்களையே குறை எழுதினா மரியாதை போயிடாதா மேடம்?"

"முதல் வருஷம் எல்லாரும் 'மிக நன்று'ன்னுதான் எழுதினாங்க சார். எனக்கு மரியாதையே இல்லாத வருஷம் அது."

திங்கட்கிழமை அறவாழி தன் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குப் புவியியலில் சம உயரக் கோடுகள் நடத்தினார். அவர் கேட்டுக்கொண்டபடி கடைசி பெஞ்சில் பொற்கொடி உட்கார்ந்து நாற்பது நிமிடம் எழுதினார். இருபத்திரண்டு குறைகள். அறவாழி எல்லாவற்றையும் படித்துக் கையெழுத்துப் போட்டார். அன்று மாலை ஆசிரியர் கூட்டத்தில் எழுந்து அவரே வாசித்தார், தன் பெயரைச் சொல்லி.

வியாழக்கிழமை பொற்கொடி வந்து, விண்ணப்பத்தில் ஏதோ திருத்தம் இருப்பதாகச் சொல்லி வாங்கிக்கொண்டு போனார். வெள்ளிக்கிழமை மாலை அலுவலகம் பூட்டும்வரை அது திரும்பி வரவில்லை.