தப்பெழுத்தைத் தின்ற பூச்சி

அந்தக் காலத்தில் பூச்சிகளுக்கும் பேச்சு இருந்தது. கடலோர ஊர் ஒன்றில், கப்பலில் வந்திறங்கிய மர அச்சுப்பொறியில் ராயப்பன் என்பவன் புத்தகம் அச்சிட்டுவந்தான். ஒருமுறை வைத்தியர் சிவக்கொழுந்து தம் மருந்துச் சுவடியை அவனிடம் கொடுத்தார். அந்தச் சுவடிக்குள் ஓர் இராமபாணப் பூச்சி குடியிருந்தது. அப்போது அதன் நிறம் ஓலையைப் போலப் பழுப்பு. எழுத்துகளைக் காலால் தடவித் தடவியே வாசித்துவிடும்.

ராயப்பன் ஓலையைப் பார்த்து ஈய எழுத்துகளைக் கோத்தான். மை தடவித் தாளில் அழுத்தி, கயிற்றில் உலர்த்தி, மடித்துத் தைத்தான். பிரதிகள் தோணியிலும் மாட்டுவண்டியிலும் பல ஊர்களுக்குப் போயின. கையில் மிஞ்சிய ஒன்றில் பூச்சி ஆசையாக ஏறியது.

"ராயப்பா, ஓலையில் எட்டி விதை கால் பங்கு என்றுதானே இருந்தது? இதில் ஏன் நால் பங்கு என்றிருக்கிறது?"

ராயப்பன் ஓலையை எடுத்துப் பார்த்தான். 'கா' வர வேண்டிய இடத்தில் 'நா'வைக் கோத்திருந்தான். எட்டி விஷம். நால் பங்கு போட்டால் ஆள் பிழைக்கமாட்டான்.

"வைத்தியர் முன்னால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு நிற்பேன்?"

"வைத்தியர் இருக்கட்டும். மருந்து குடிக்கப்போகிறவர்களை நினை. கிளம்பு, நானும் வருகிறேன்."

இருவரும் புத்தகங்களைத் தேடி ஊர் ஊராகப் போனார்கள். கத்தியால் சுரண்டினால் தாள் கிழிந்தது. அதனால் பூச்சி தப்பெழுத்தை மட்டும் கடித்துத் தின்றது. ராயப்பன் பக்கத்தில் சரியானதை எழுதினான். ஆனால் பல இடங்களில் வாங்கியவர் வீட்டில் புத்தகம் இருப்பதில்லை. "மைத்துனர் படிக்க வாங்கிப்போனார்" என்பார்கள். அங்கே போனால், அவர் சந்தையில் வேறொருவருக்குக் கொடுத்திருப்பார்.

நெசவாளர் தெருவில் உலகம்மை என்பவள் காய்ச்சலில் கிடந்த கணவனுக்கு மருந்து அரைத்துக்கொண்டிருந்தாள்.

"எட்டி எவ்வளவு போட்டீர்கள் அம்மா?"

"நால் பங்கு. அச்சில் வந்தது தப்பாகுமா?"

"கோத்தவன் நான்தான். தப்பு என்னுடையது."

அவள் அரைப்பதை நிறுத்தினாள். பிறகு அரைத்ததை மண்ணில் கொட்டி மூடிவிட்டு, புத்தகத்தை எடுத்து வந்து நீட்டினாள்.

தின்ற மையெல்லாம் பூச்சியின் உடம்பில் ஊறியது. பழுப்பு மறைந்து ஈயத்தின் பளபளப்பு ஏறியது. குரலும் கம்மியது.

"போதும், இனி நானே பார்த்துக்கொள்கிறேன்" என்றான் ராயப்பன்.

"இன்னும் சில பிரதிதானே" என்றது பூச்சி. அதுவே அது பேசிய கடைசிப் பேச்சு.

எல்லாம் கிடைத்தன, ஒன்றைத் தவிர. அது யார் யார் கைக்கோ மாறி எங்கோ போய்விட்டது. ராயப்பன் அதன்பின் அச்சிட்ட புத்தகங்களின் கடைசியில் பிழைகளுக்கென்று ஒரு தாள் சேர்த்தான். பூச்சிக்கு அது போதவில்லை. கண்ணில் பட்ட அடுத்த புத்தகத்துக்குள் பேசாமல் நுழைந்தது.

அன்று முதல்தான் இராமபாணம் ஈய நிறத்தில், வாய் பேசாமல், புத்தகம் புத்தகமாகத் துளைத்துக்கொண்டே போகிறது. அந்த ஒரு 'நா' இன்னும் அகப்படவில்லை.