கண்ணை மூடி வாங்கிய ரீல்

காட்டு ஏரியின் மேற்குக் கரையில், ஒரு பாறை இடுக்கில் பூனைக் குடும்பம் ஒன்று இருந்தது. அம்மா பூனை சாந்தாயி. அப்பா பூனை கருவாயன். குட்டிகள் மூன்று. அதில் கடைசிக் குட்டி துளி, பெயருக்கு ஏற்ற மாதிரி ஒரு துளிதான் இருந்தாள்.

அது கோடைக்காலம். தவளைகள் சேற்றுக்குள் போய்ப் படுத்துக்கொண்டன. எலிகள் அறுப்பு நடக்கும் வயல்களைத் தேடிக் குடிபோய்விட்டன. மிச்சம் இருந்தது மீன்தான். அதுவும் கரையோரத்தில் இல்லை. ஏரி நடுவே, ஆழமான மடுவில் இருந்தது. பூனைக்குத் தண்ணீர் ஆகாது. கரையில் நின்றபடியே மடு வரைக்கும் தூண்டில் முள்ளை வீசி, மாட்டின மீனைச் சுற்றி இழுக்க, தூண்டில் நரம்பு சுற்றிய ஒரு நல்ல ரீல் வேண்டும்.

ரீல் விற்கிறவன் அங்குசாமிக் குரங்கு. ஞாயிற்றுக்கிழமை மீன் பிடிக்க வருகிற பட்டணத்து ஆட்கள் மறந்துவிட்டுப் போனதும் அவன் கடையில் இருக்கும், மறக்காததும் இருக்கும். ஏரிக்கரை இலுப்பை மரத்தின் தாழ்ந்த கிளைதான் கடை. பூனைகளிடம் அவன் வாங்குகிற விலை ஒன்றே ஒன்று. அவன் பிள்ளைகளை நாக்கால் நக்கிச் சுத்தம் செய்து தர வேண்டும். எந்நேரமும் பலாப்பாலும் மரப்பிசினும் ஒட்டிக் கிடக்கிற பிள்ளைகள். சின்ன ரீலுக்கு ஒரு பிள்ளை. பெரிய ரீலுக்கு மொத்தக் குடும்பம்.

முதலில் கருவாயன்தான் போனான். காலையில் போனவன், குரங்கு மயிரைத் துப்பிக்கொண்டே மதியம் வந்து சேர்ந்தான். கையில் ஒரு சிவப்பு ரீல்.

"இதப் பாரு சாந்தாயி. எப்படிச் சுத்துதுன்னு மட்டும் பாரு."

கருவாயன் கைப்பிடியைச் சுற்றினான். 'கிர்ர்' என்று பாட்டு மாதிரி ஒரு சத்தம். ரீலிலிருந்து தொங்கிய நைலான் நரம்பின் நுனி தரையில் துள்ளித் துள்ளி ஓடியது. அடுத்த நொடி கருவாயன் அதன் மேல் பாய்ந்தான். குட்டிகளும் பாய்ந்தன. பாறை இடுக்கு முழுக்க நரம்பும் வாலுமாகச் சிக்கிக்கொண்டது.

"ஏங்க, இத மீன் புடிக்க வாங்கினீங்களா, நூல் புடிக்க வாங்கினீங்களா?" என்றாள் சாந்தாயி.

"வேகமா சுத்துதுல்ல? வேகமா சுத்துனா மீனும் வேகமா வரும்."

"கைப்பிடி ஆடுதே."

"புதுசு. ஆடத்தான் செய்யும்."

"பழசானா ஆடும்னு கேள்விப்பட்டிருக்கேன். புதுசுன்னா ஆடும்னு இப்பத்தான் கேக்குறேன்."

கருவாயன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சாயங்காலம் மடுவில் முள்ளை வீசினான். நல்ல கனமான விரால் ஒன்று கடித்தது. ஆசை ஆசையாகச் சுற்றினான். கைப்பிடி தனியாகக் கழன்று அவன் கையோடு வந்துவிட்டது. விரால், ரீலில் இருந்த நரம்பை எல்லாம் உருவிக்கொண்டு போனது.

"மீன் எங்கங்க?"

"கைப்பிடி இருக்கு" என்றான் கருவாயன்.

சாந்தாயி வானத்தைப் பார்த்தாள். "ஆண்டவனே, எனக்குப் பொறுமையக் குடு. இன்னைக்கே குடு. நாளை வரைக்கும் தாங்காது."

மறுநாளும் கருவாயனே கிளம்பினான். "நேத்து வெலை கம்மியா பாத்துட்டேன். அதான் தப்பு. இன்னைக்கு இருக்கறதுலயே ஒசத்தியா வாங்கிட்டு வரேன்" என்றான்.

"ஒசத்தி வேணாங்க. ஒழைக்கிறதா வாங்கிட்டு வாங்க."

அவள் சொல்லி முடிப்பதற்குள் அவன் வால் புதருக்குள் மறைந்துவிட்டது.

பொழுது சாய்கிற நேரத்தில்தான் திரும்பினான். நாக்கு வீங்கி வாய்க்குள் அடங்காமல் தொங்கியது. அங்குசாமியின் பிள்ளைகள், பெண்டாட்டி, மாமியார் எல்லாரையும் நக்கிவிட்டு வந்திருந்தான். மாமியாருக்குக் கழுத்து வரைக்கும் பிசினாம். கையில் தங்க நிறத்தில் ஒரு ரீல். அதில் கணக்கில்லாத திருகுகள். போதாததற்கு ஒரு குட்டி மணி.

"இந்தத் திருகு எதுக்குங்க?"

"தெரியல."

"அந்தத் திருகு?"

"அதுவும் தெரியல. ஆனா பாரு, நரம்பு எப்படி மின்னுது! பல்லி வாலு மாதிரியே நெளியுது." பேசிக்கொண்டிருக்கும்போதே அவன் முன்னங்கால் நரம்பைத் தட்ட எழும்பிவிட்டது.

இருட்டுவதற்குள் ஒரு தடவை வீசிப் பார்க்கலாம் என்று இருவரும் கரைக்குப் போனார்கள். நேற்று வந்த அதே விரால், தெரிந்தவர் வீட்டு விருந்துக்கு வந்த மாதிரி வந்து கடித்தது. அதற்குள் ஒரு பிடி மணல் ரீலுக்குள் புகுந்துவிட்டது. முன்னாலும் சுற்றவில்லை, பின்னாலும் சுற்றவில்லை. எந்தத் திருகைத் திருகினாலும் மணி மட்டும் அடித்தது. விரால் பலமாக ஒரு இழுப்பு இழுத்தது. விட்டுக்கொடுக்கத் தெரியாத ரீல் அப்படியே விறைத்து நிற்க, நரம்பு 'டப்' என்று அறுந்தது. கருவாயன் பின்னால் விழுந்து, மீசை வரைக்கும் சேற்றில் புதைந்தான்.

சாந்தாயி அவன் வாலைக் கவ்வி வெளியே இழுத்தாள். வாலை விட்டு வாயைத் திறந்தால் என்ன பேசுவோம் என்று அவளுக்கே பயமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து கருவாயன் ரீலை ஒரு மூலையில் போட்டான். அறுந்த நரம்பின் நுனி காற்றில் ஆடியது. பெரிய குட்டிகள் இரண்டும் அதைப் பிடிக்க ஓடின. துளி ஓடவில்லை. நரம்பு அவள் மூக்குக்கு முன்னாலேயே வந்து ஆடியது. அவள் கண்ணைக்கூடத் திருப்பவில்லை. நூல் ஆடும்போது பார்க்காத பூனைக்குட்டி உண்டா? பட்டினியில் துவண்டு கிடந்தவளைச் சாந்தாயி இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

"நாளைக்கு நான் போறேன்" என்றாள்.

"ஒனக்கு ரீலப் பத்தி என்ன தெரியும்?" வீங்கின நாக்கோடு கருவாயன் கேட்டது பாதிதான் புரிந்தது.

"எனக்குத் தெரியாதுதான். ஒங்களுக்கு என்ன தெரியும்கிறதையும் பாத்துட்டேன்."

விடிந்ததும் சூரியனைப் பார்த்துத் தலை குனிந்து நின்றாள். "என் பிள்ளைக்கு ஒரு வாய் மீன் கெடைக்க வழி காட்டு சாமி. எனக்குப் புத்தியக் குடு. அவருக்கும் கொஞ்சம் குடு" என்று வேண்டிக்கொண்டு நடந்தாள்.

போகிற வழியில் பாறைக்கண்ணு ஆமை வெயில் காய்ந்துகொண்டிருந்தாள்.

"அக்கா, ஒரு ஒத்தாசை பண்ணணும். எங்கூடக் கடைக்கு வரணும்."

"எதுக்கு?"

"நீங்க மீனா இருக்கணும்."

பாறைக்கண்ணு தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டாள். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. "ஏம்மா, பசி கண்ண மறைக்குதா? நான் ஆமை."

"ஐயோ, திங்கறதுக்கு இல்லக்கா. நரம்பு நுனியக் கவ்விக்கிட்டு, விரால் மாதிரி நீங்க இழுக்கணும். கடையில வச்சே சோதிச்சுப் பாத்துடலாம்னு இருக்கேன். மீன் கெடைச்சா கொடலு பூரா ஒங்களுக்குத்தான்."

"தலையும்?"

"தலை துளிக்கு."

"சரி போ, கொடலே போதும்" என்று ஆமை மெல்லத் தலையை நீட்டினாள்.

இருவரும் இலுப்பை மரத்தடிக்குப் போய்ச் சேர்ந்தபோது, அங்குசாமி காலாட்டிக்கொண்டு கிளையில் உட்கார்ந்திருந்தான்.

"வா தங்கச்சி. மச்சான் வரலியா? தங்கமான மனுசன். எதையும் நோண்டிப் பாக்க மாட்டாரு. இந்தா, இதப் பாரு." ஒரு நீல ரீலை எடுத்து அவள் கண்ணுக்கு முன்னால் விர்ரென்று சுற்றினான்.

நரம்பு துள்ளியது, நெளிந்தது. சாந்தாயியின் வலது முன்னங்கால் தானாக மேலே எழும்பியது. நகம் வெளியே வந்தது. இடுப்பு இப்படியும் அப்படியும் ஆடியது. பாய்வதற்கு ஒரு நொடிதான் பாக்கி.

சட்டென்று அவளுக்குப் புரிந்துவிட்டது. இது அவர் ஒருத்தரின் கோளாறு இல்லை, பூனையாகப் பிறந்த கோளாறு. இந்தக் குரங்குக்கு அது தெரிந்திருக்கிறது. ரீலை விற்கிற சாக்கில் நூல் ஆட்டத்தை விற்கிறான். புருஷன் மேல் இருந்த கோபத்தில் பாதி அங்கேயே கரைந்தது. மீதிப் பாதி அப்படியே இருந்தது.

காலைக் கீழே வைத்தாள். கண் இரண்டையும் இறுக மூடிக்கொண்டாள்.

"என்னம்மா, கும்புடுறியா?"

"ஆமாண்ணே. கும்பிட்டுக்கிட்டே வாங்குறேன். ஒவ்வொண்ணாக் கையில குடுங்க."

நீல ரீலை வாங்கிக் கைப்பிடியை மேலும் கீழும் அசைத்தாள். கடகடவென்று ஆடியது. "இது வேணாம்" என்றாள். வெள்ளி ரீல் வந்தது. கைப்பிடி ஆடவில்லை. "அக்கா, இழுங்க" என்றாள். பாறைக்கண்ணு நரம்பைக் கவ்விக்கொண்டு பாரமாக நடந்தாள். நரம்பு விட்டு விட்டு, வெடுக் வெடுக்கென்று போனது. "இதுல மீன் அறுத்துக்கிட்டுப் போயிடும். வேணாம்."

"காலையில மொத வியாபாரமே இப்படியா?" என்று முனகிக்கொண்டே அங்குசாமி இன்னொன்றைக் கொடுத்தான்.

அது கையில் கனமாக உட்கார்ந்தது. ஆட்டிப் பார்த்தாள், ஆடவில்லை. சுற்றிப் பார்த்தாள், சத்தமே இல்லை. ஆமை இழுத்தாள். இழுக்க இழுக்க நரம்பு நெகிழ்ந்து போனது. ஆமை நின்றதும் அதுவும் நின்றது. சாந்தாயி காலடியில் ஒரு பிடி ஈரமணலை எடுத்து ரீல் மேலேயே அப்பினாள்.

"அடிப்பாவி! கடைச் சாமானு தாயி அது!"

"ஏரியில மணலு இருக்குமேண்ணே. பட்டு மெத்தையா இருக்கப் போகுது?"

மணலை உதறிவிட்டுச் சுற்றினாள். முன்னைப் போலவே சுற்றியது. அதற்கப்புறம்தான் கண்ணைத் திறந்தாள். கறுப்பு ரீல். மினுக்கும் இல்லை, மணியும் இல்லை.

"கண்ண மூடிக்கிட்டு சாமான் வாங்குன மொத ஆளு நீதான்" என்று அங்குசாமி தலையைச் சொறிந்தான்.

"கண்ணத் தொறந்துக்கிட்டு வாங்குனவரு வீட்டுல நாக்கு வீங்கிப் படுத்திருக்காருண்ணே. வெலையச் சொல்லுங்க."

"ரெண்டு பிள்ளை."

"சரி. கொசுறா கொஞ்சம் நரம்பு குடுங்க. ஒங்க மாமியாரை மட்டும் கூப்பிட்டுராதீங்க."

அவன் கூப்பிடவில்லை.

சாயங்காலம் கருவாயன் அந்த ரீலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அழகே இல்லையே. சத்தம்கூட வரல."

"சத்தம் வேணும்னா நான் போடுறேன். வீசுங்க."

வீசினான். விரால் கடித்தது. தன் பலத்தையெல்லாம் சேர்த்து இழுத்தது. ரீல் கொஞ்சம் விட்டுக்கொடுத்தது. விரால் களைத்தபோது கருவாயன் சுற்றினான். மறுபடியும் இழுத்தது, மறுபடியும் விட்டுக்கொடுத்தது. நரம்பு தண்ணீர் சொட்டச் சொட்ட மேலே வந்து, சாயங்கால வெயிலில் தகதகவென்று ஆடியது. கருவாயனின் ஒரு கால் ரீலை விட்டு மெதுவாக மேலே எழும்பியது.

"ஏங்க."

"இல்ல, நான் சும்மா..."

"அத மட்டும் தட்டுனீங்க, பிள்ளைங்களத் தூக்கிக்கிட்டு எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன். கண்ண மூடுங்க."

கருவாயன் கண்ணை மூடினான். "விடுங்க... இப்பச் சுத்துங்க... இன்னும் சுத்துங்க" என்று சாந்தாயி பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல, அவன் சுற்றிக்கொண்டே இருந்தான். கண்ணைத் திறந்தபோது அவன் காலடியில் விரால் துடித்துக்கொண்டிருந்தது.

குடல் பாறைக்கண்ணுக்குப் போனது. தலையைச் சாந்தாயி மென்று மென்று துளிக்கு ஊட்டினாள். அப்புறம்தான் உட்கார்ந்து, நன்றி சொல்லிக் கும்பிட்டாள். பொறுமை வேண்டும் என்று மறுபடியும் கேட்க வேண்டியிருந்தது. ஏனென்றால் கருவாயன் வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "நம்ம ரீல் எப்படி? நான் பாத்து வாங்கினது" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

அடுத்தடுத்து மீன் கிடைத்தது. ஒரு நாள் காலையில், மூலையில் கிடந்த தங்க ரீலின் நரம்பு காற்றில் ஆடியது. துளி தலையைத் தூக்கிப் பார்த்தாள். இடுப்பை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். ஒரே பாய்ச்சலில் அதைப் பிடித்தாள்.

ஒரு பொருளை வாங்கும்போது, அது நம் கண்ணுக்கு என்ன விளையாட்டுக் காட்டுகிறது என்று பார்க்காமல், நம் வேலையில் எவ்வளவு தாங்கும் என்று சோதித்து வாங்குகிறவர் வீட்டில்தான் பிள்ளைகளின் வயிறு நிறையும்.