பெரிய சுவாமியின் ரேசர்

தென்காசிக்கு மேற்கே, ஓர் ஓடைக்கரையில் சிறிய ஆசிரமம் ஒன்று இருந்தது. அதில் துறவிகள் ஒன்பது பேர். மாதம் ஒருமுறை, பௌர்ணமி அன்று காலையில் எல்லோரும் தலை மழித்துக்கொள்வார்கள்.

அதற்கு ஒரு முறை உண்டு. யாரும் தன் தலையைத் தானே மழிக்கக் கூடாது. அந்த மாதத்தில் யாரோடு சண்டை போட்டோமோ அவர் தலையை நாம் மழிக்க வேண்டும். அவர் நம் தலையை மழிப்பார். ஆசிரமத்தைத் தொடங்கிய பெரிய சுவாமி வைத்த விதி இது. கையில் பிளேடோடு பின்னால் நிற்பவரிடம் தலையைக் கொடுத்து உட்கார்ந்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும் என்று அவர் சொல்வாராம். மீதிப் பாதிக்கு என்ன வழி என்று அவர் சொன்னதில்லை.

சண்டையே போடாதவர்களுக்குச் சமையலைப் பார்த்துக்கொள்ளும் கோமதிநாயகம் மழித்துவிடுவார். அவர் எல்லோரோடும் சண்டை போட்டிருப்பார்.

மழிப்பதற்கு ஒரே ஒரு ரேசர்தான். ரங்கூனிலிருந்து திரும்பிய பக்தர் ஒருவர் பெரிய சுவாமிக்குக் கொடுத்தது. பித்தளையில் செய்து நிக்கல் பூசியது. மேல்மூடி, சீப்பைப் போலப் பல் வைத்த தகடு, கைப்பிடி என்று மூன்றாகக் கழற்றலாம். நடுவில் பிளேடை வைத்துத் திருகினால் இரண்டு பக்கமும் கூர் தெரியும். தலைக்கு ஒரு புது பிளேடு போடுவார்கள். ரேசர் மட்டும் அதே ரேசர். அதற்கு வயது நூறை நெருங்கியிருந்தது.

அதைப் பராமரிக்கும் பொறுப்பு ஆதிமூலத்துடையது. அவருக்கு அறுபத்திரண்டு வயது. ஓர் அருங்காட்சியகத்தில் செப்புப் படிமங்களைச் சுத்தம் செய்யும் வேலையில் முப்பது வருடம் இருந்தவர். மனைவி இறந்த பிறகு ஒரு பையோடு இங்கே வந்தார். எல்லோரும் அவரை ‘மியூசியம் அண்ணாச்சி’ என்பார்கள்.

அவர் வந்த அன்று பெரிய சுவாமியே இந்த ரேசரால் அவர் தலையை மழித்தார். அடுத்த பௌர்ணமிக்குப் பெரிய சுவாமி இல்லை. அவர் கடைசியாக மழித்தது ஆதிமூலத்தின் தலையைத்தான்.

பெரிய சுவாமிக்குப் பின் விசாகர் குருவானார். ஆதிமூலத்தைவிடப் பதின்மூன்று வயது இளையவர். சின்ன வயதிலேயே இதய வால்வு பழுதாகி அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். ரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் மாத்திரை சாப்பிடுவார்.

ஒவ்வொரு பௌர்ணமியும் மழித்து முடிந்ததும் ஆதிமூலம் ரேசரைக் கழற்றி வெதுவெதுப்பான நீரில் அலசுவார். மெல்லிய பிரஷ்ஷால் பல்லிடுக்கில் இருக்கும் சோப்பை எடுப்பார். புளியோ சாம்பலோ பக்கத்தில் வராது. பளபளப்புக்கு ஆசைப்பட்டுத் தேய்த்தால் பூச்சு போய்விடும். பிறகு துடைத்து, திருகில் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டு, வெள்ளைத் துணியில் சுற்றிப் பீரோவில் வைப்பார்.

ஆடி மாதப் பௌர்ணமி அன்று அப்படிச் சுத்தம் செய்யும்போது, கைப்பிடியின் முனையில் தலைமுடி அளவுக்கு ஒரு விரிசலைப் பார்த்தார். வெளிச்சத்தில் திருப்பினார். கைப்பிடியின் நடுவில் நிக்கல் தேய்ந்து, உள்ளே இருந்த பித்தளை மஞ்சளாகத் தெரிந்தது.

அன்று அவர் பீரோவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். இரண்டு வாரம் யோசித்துவிட்டு விசாகரிடம் போனார்.

“சுவாமி, இனிமே அந்த ரேசரை மழிக்க எடுக்க வேண்டாம்.”

“ஏன்?”

“கைப்பிடியில விரிசல் விட்டிருக்கு. உள்ள வெறும் குழாய்தான் சுவாமி. கோமதிநாயகம் தண்ணிக் குழாயை மூடுற மாதிரி இறுக்கியிருக்காரு.”

சமையலறையிலிருந்து குரல் வந்தது. “லூசா விட்டா பிளேடு ஆடும் அண்ணாச்சி. அப்புறம் உங்க காதை நான் ஓடையில போயா தேட?”

ஆதிமூலம் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

“கடையில பிளாஸ்டிக் ரேசர் கிடைக்குது. அதால மழிச்சுக்கிடுவோம். இதைக் கண்ணாடிப் பெட்டியில வச்சிருவோம். ஈரம் படாம வச்சா இன்னும் இருநூறு வருஷம் இருக்கும்.”

“இருநூறு வருஷம் இருந்து என்ன செய்யும்?”

“இருக்கும் சுவாமி.”

விசாகர் சிரித்தார். “சாவி உங்ககிட்டயா இருக்கு? குடுங்க.”

“மாட்டேன்.”

இங்கே வந்த பதினோரு வருடத்தில் ஆதிமூலம் அந்த வார்த்தையை யாரிடமும் சொன்னதில்லை.  சொன்ன பிறகும் நிறுத்தவில்லை.

“பெரிய சுவாமி கை பட்டதுல எனக்குன்னு மிச்சம் இருக்கிறது இது ஒண்ணுதான். இதுவும் தேஞ்சு போச்சுன்னா அவர் முழுசாப் போயிருவாரு. ஒரு பொருளைக் காப்பாத்தணும்னு நினைக்கிறது தப்பா? நீங்களே சொல்லுங்க சுவாமி.”

 விசாகர், “இது சண்டையா அண்ணாச்சி?” என்று கேட்டார்.

“சண்டைன்னே வச்சுக்கிடுங்க.”

சமையலறையில் ஒரு மூடி உருண்டு விழுந்தது. கோமதிநாயகம் கரண்டியோடு ஓடி வந்தார்.

“எல்லாரும் கேட்டுக்கிடுங்க! மியூசியம் அண்ணாச்சி சண்டை போட்டுட்டாரு! அதுவும் யாருகூட!”

“அப்படின்னா வர்ற பௌர்ணமிக்கு நீங்கதான் எனக்கு மழிக்கணும்” என்றார் விசாகர்.

 ஆதிமூலம் இதுவரை அடுத்தவர் தலையில் பிளேடு வைத்ததில்லை.

“சுவாமி, நீங்க மாத்திரை சாப்பிடுறவங்க. ஒரு கீறல் விழுந்தாலும் ரத்தம் நிக்காது.”

“நிக்கும். ரொம்ப நேரம் ஆகும்.”

“நான் சண்டையை வாபஸ் வாங்கிக்கிடுதேன்.”

“அதுக்கு விதியில இடம் இல்ல அண்ணாச்சி” என்றார் கோமதிநாயகம். “நான் எத்தனை தடவை கேட்டுப் பாத்தாச்சு.”

ஆதிமூலம் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். “எதால மழிக்கிறது சுவாமி?”

“உங்க இஷ்டம். சாவி உங்ககிட்டதான இருக்கு.”

ஆதிமூலம் தென்காசிக்குப் போய் நல்ல பிளாஸ்டிக் ரேசராகப் பார்த்து வாங்கி வந்தார். பௌர்ணமி அன்று விடிந்ததும் கோமதிநாயகத்தைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

“உங்க பிடரியில கொஞ்சம் இழுத்துப் பாத்துக்கிடுதேன்.”

“குருவுக்கு முன்னாடி சோதனைக்கு நானா? நடக்கட்டும்.”

ஒரு மாதம் வளர்ந்த முடி. இரண்டு இழுப்பில் பிளாஸ்டிக் ரேசர் அடைத்துக்கொண்டது. அலசினார். மறுபடி வைத்தார். முடி வெட்டுப்படாமல் இழுபட்டது. ஆதிமூலம் இன்னும் கொஞ்சம் அழுத்தினார்.

“யம்மா! அண்ணாச்சி, மழிக்கீங்களா, உரிக்கீங்களா?”

பிடரியில் ரத்தம் ஒரு புள்ளியாக எட்டிப் பார்த்தது. படிகாரத்தை வைத்ததும் நின்றுவிட்டது. ஆதிமூலம் அந்தப் புள்ளி இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். இன்னொரு பிடரியை நினைத்துக்கொண்டார்.

பழைய ரேசரில் அந்தப் பற்கள் எதற்காக இருக்கின்றன என்று அவருக்குத் தெரியும். நீண்ட முடியை வகிர்ந்து விடும். கூர் தோலில் அழுந்தாமல் தாங்கும். பதினோரு வருடமாக ஒவ்வொரு பல்லாகத் துடைத்தவர் அவர்.

இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு பீரோவை நோக்கி நடந்தார்.

ஓடைக்கரையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் விசாகர் பலகை போட்டு உட்கார்ந்திருந்தார். பௌர்ணமி விரதம் என்பதால் முந்தைய நாளிலிருந்து அவர் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. ரேசரைப் பார்த்தார்.  தலையைக் குனிந்தார்.

ஆதிமூலம் முடியை நன்றாக நனைத்துச் சோப்பு போட்டார். புது பிளேடை வைத்து, அது ஆடாத அளவுக்கு மட்டும் திருகினார். 

“அழுத்தாதீங்க அண்ணாச்சி. அதோட கனமே போதும்” என்றார் கோமதிநாயகம். கையில் படிகாரத்தோடு பக்கத்திலேயே நின்றார்.

முதல் இழுப்பு காதுக்கு மேலிருந்து தொடங்கியது. சரசரவென்று ஒரு சத்தம். சோப்போடு முடி வழிந்தது. கீழே வெளுப்பாகத் தோல். ரத்தம் இல்லை. ஆதிமூலம் மூச்சு விட்டார். அடுத்த இழுப்பு. அதற்கு அடுத்தது. கைப்பிடியில் நிக்கல் தேய்ந்த இடத்தில் தன் கட்டைவிரல் தானாகப் போய் உட்கார்ந்திருப்பதைக் கவனித்தார். 

“மியூசியத்துல இதெல்லாம் சொல்லித் தந்தாங்களா அண்ணாச்சி?” என்றார் கோமதிநாயகம்.

“பேசாதீங்க.”

“பாருங்க, அடுத்த மாசத்துக்கு எனக்கும் உங்களுக்கும் முறை வந்துட்டுது.”

குனிந்திருந்த விசாகரின் தோள் சிரிப்பில் குலுங்கியது. ஆதிமூலம் ரேசரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவர் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தார்.

வலப்பக்கம் முடிந்தது.

“கொஞ்சம் நிமிருங்க சுவாமி. இடப்பக்கம் வர்றேன்.”

விசாகர் நிமிர்ந்தார். அதிக நேரம் குனிந்திருந்ததாலோ, வெறும் வயிறாக இருந்ததாலோ, கண்கள் செருகின. உடம்பு பக்கவாட்டில் சாய்ந்தது. அந்தப் பக்கம் தொட்டியின் கல் விளிம்பு இருந்தது.

ஆதிமூலத்தின் கை விரிந்தது. ரேசர் கல்லில் விழுந்து தெறித்தது. அவருடைய இரண்டு உள்ளங்கைகளும் அந்தத் தலையைப் பிடித்தபோது, அதற்கும் கல்லுக்கும் நடுவே ஒரு விரல்கடை இடம்தான் இருந்தது.

கோமதிநாயகம் வெல்லம் கரைத்த தண்ணீர் கொண்டுவர ஓடினார். ஆதிமூலம் தரையில் உட்கார்ந்து அந்தத் தலையை மடியில் வாங்கிக்கொண்டார். சோப்பை வழித்துவிட்டு ஒவ்வொரு அங்குலமாகத் தடவிப் பார்த்தார். காதுக்குப் பின்னால் பார்த்தார். பிடரியில் பார்த்தார். ஒரு கீறல்கூட இல்லை.

விசாகர் கண்ணைத் திறந்தார். வெல்லத் தண்ணீரை இரண்டு மடக்கு குடித்தார்.

அதற்குப் பிறகுதான் ஆதிமூலம் ரேசரைத் தேடினார். அது தொட்டியின் ஓரத்தில் கிடந்தது. ஒரு பக்கத்துச் சீப்பில் இரண்டு பற்கள் உள்ளே மடங்கியிருந்தன.

“கீழ போட்டுட்டேனே சுவாமி.”

“யாரை?”

  அவருடைய கைகள் இன்னும் அந்தத் தலையை விடவில்லை.

கோமதிநாயகம் ரேசரை எடுத்துத் துடைத்துக் கொடுத்தார்.  விசாகர் மெதுவாக எழுந்து மறுபடி பலகையில் உட்கார்ந்தார். ஆதிமூலம் ரேசரை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நிமித்தினா ஒடிஞ்சிரும் சுவாமி. பழைய பித்தளை. இப்படியே விட்டா இந்தப் பக்கத்தால இனிமே மழிக்க முடியாது. பழைய மாதிரி ஆகவே ஆகாது.” மடங்கிய பற்களைத் தொட்டுப் பார்த்தார். “இனி நான் இதை என்ன செய்யட்டும்?”

விசாகர் தன் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். வலப்பக்கம் வழுவழுவென்று இருந்தது. இடப்பக்கம் சொரசொரத்தது.

“மறுபக்கத்துப் பல்லெல்லாம் சரியா இருக்கா?”

ஆதிமூலம் விரலால் தடவிப் பார்த்தார். “இருக்கு சுவாமி.”

“எனக்கு இன்னும் பாதித் தலை பாக்கி இருக்கு அண்ணாச்சி.”