மேனேஜர் கம்ப்யூட்டரில் முதல் ஓட்டம்

கோயம்புத்தூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி. அங்கே மேனேஜர் கஜேந்திரன் வைத்ததுதான் சட்டம். ஒருநாள் தன் மில்லுக்கு சாஃப்ட்வேர் வாங்க வந்த மில்லுக்காரம்மா எதிரில் உட்கார்ந்திருக்க, கடைசி வரிசையில் புரோகிராம் எழுதும் கோகிலவாணியைக் கூப்பிட்டார்.

"நம்ம சாஃப்ட்வேர் புது விண்டோஸிலும் ஓடும்னு மேனிஃபெஸ்ட்ல எழுதும்மா."

எந்தெந்த விண்டோஸுக்கு ஒத்துப்போவேன் என்று சாஃப்ட்வேர் கம்ப்யூட்டரிடம் நீட்டும் சீட்டுதான் மேனிஃபெஸ்ட். அதை நம்பிக் கம்ப்யூட்டர், பழைய சாஃப்ட்வேர் தடங்கலில்லாமல் ஓடச் செய்கிற ஒத்தாசையை நிறுத்திவிடும். பொய்யாக எழுதினால் மில் வேலையே நின்றுபோகும். அப்புறம் எழுதியவள் தலைதான் உருளும்.

"இன்னும் ஓட்டிப் பார்க்கலீங்களே சார்."

"ஓட்டிப் பார்க்க இதென்ன மாட்டு வண்டியா? எழுதுன்னா எழுது!"

மளமளவென்று எழுதினாள். "ஆச்சுங்க சார். உங்க கம்ப்யூட்டர்லதான் புது விண்டோஸ் இருக்கு. முதல்ல அதுலயே போட்டுடறேன்."

கஜேந்திரன் நாற்காலியை விட்டுத் துள்ளினார். "ஐயையோ, என்னோடதுல வேண்டாம்! ஏதாச்சும் ஆயிடப்போகுது!"

மில்லுக்காரம்மா சிரிக்கவில்லை. "எங்க மில்லுல போட்டா மட்டும் ஒண்ணும் ஆகாதுங்களா?" என்று கேட்டு, "ஒரு மாசம் ஓட்டிக் காட்டிட்டு வாங்க" என்று எழுந்து போய்விட்டார்.

அந்தப் பொய் வரியை அன்றைக்கே எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் கோகிலவாணி வேலைக்கு வந்தபோது வாசலிலேயே காவலாளி தலையைக் குனிந்துகொண்டார். "உள்ள விடற லிஸ்ட்டுலேருந்து உங்க பேரை மேனேஜர் எடுத்துட்டாருங்கம்மா."